மகளுக்கு ஆப்பிரிக்க முடி, பாட்டி ரீபாண்டிங் செய்யச் சொல்கிறார். என்ன செய்வது?

செம்பவாங் அம்மா:

வணக்கம். நேராக விஷயத்துக்கு வருகிறேன். நான் இங்கே சிங்கப்பூரிலேயே பிறந்து வளர்ந்தவள், கணவர் கானா நாட்டுக்காரர், குமாசி பக்கம். மகள் தொடக்கநிலை இரண்டு. கண், மூக்கு, நிறம் எல்லாம் இரண்டு வீட்டிலிருந்தும் கலந்து வந்திருக்கிறது, முடி மட்டும் முழுக்க அப்பா வழி. நம் வீடுகளில் பார்க்கிற சுருட்டை இல்லை இது. ஒவ்வொரு இழையும் பேனாவுக்குள் இருக்கும் ஸ்பிரிங் மாதிரி. நனைத்து இழுத்தால் முதுகைத் தொடும், காய்ந்ததும் காதுக்கு மேலே ஏறிவிடும்.

நான் வேலைக்குப் போவதால் காலையில் தலை வாரிவிடுவது என் அம்மா. அவருக்குத் தெரிந்தது ஒரே வழிதான்: காய்ந்த முடியில் தேங்காய் எண்ணெயை வழிய வழியத் தடவி, நெருக்கமான பல் உள்ள சீப்பை உச்சியிலிருந்து இழுத்து, இறுக்கி இரட்டைப் பின்னல். குழந்தை அழுகிறாள், அம்மா "இந்தப் பரட்டையை எப்படித்தான் அடக்குவதோ" என்று புலம்புகிறார், நான் கதவைச் சாத்திக்கொண்டு எம்ஆர்டி ரயிலுக்கு ஓடுகிறேன். இப்போது டிசம்பர் விடுமுறையில் தேக்காவில் ஏதாவது முடி திருத்தும் கடைக்குக் கொண்டுபோய், மருந்து போட்டு முடியை நேராக்கும் ரீபாண்டிங் செய்துவிடலாம், செலவு நான் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். கெட்ட எண்ணம் இல்லை, பேத்தியைப் பள்ளியில் யாரும் கேலி செய்யக் கூடாது என்கிற பயம்தான். கேலியும் இருக்கத்தான் செய்கிறது. ஒரு பையன் "மேகி மீ" (நூடுல்ஸ்) என்று கூப்பிடுகிறானாம், பின்னால் உட்காரும் பிள்ளைகள் கேட்காமலேயே தொட்டுப் பார்க்கிறார்களாம். போன வாரம் பின்னாமல் இரண்டு பக்கமும் உருண்டையாகக் கட்டி அனுப்பினேன், வகுப்பாசிரியர் கையேட்டில் "முடியை நீட்டாக (ஒழுங்காக) கட்டி அனுப்பவும்" என்று எழுதிவிட்டார்.

கணவரைக் கேட்டால் இன்னும் மோசம். கானாவில் அரசுப் பள்ளிகளில் பெண் பிள்ளைகளுக்கும் ஒட்ட வெட்டிய கிராப்தான், வெட்டிவிடு, வேலை முடிந்தது என்கிறார். அதைக் கேட்டு என் அம்மாவுக்கு மயக்கமே வந்துவிட்டது. பெண் குழந்தைக்கு முடியை வெட்டுவதா?

எனக்கு ரீபாண்டிங்கும் வேண்டாம், கிராப்பும் வேண்டாம். இந்த முடியை எப்படிப் பராமரிப்பது? அம்மாவிடமும் பள்ளியிடமும் எப்படிப் பேசுவது? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கத்தரிக்கோல்:

சிராங்கூன் ரோடு பக்கம் முடி வெட்டுவதுதான் என் பிழைப்பு, அதனால் ரீபாண்டிங் பற்றி மட்டும் சொல்கிறேன். வேண்டாம். எட்டு வயசுப் பிள்ளை என்றால் எந்த முடியாக இருந்தாலும் நான் செய்ய மாட்டேன், இந்த முடிக்கு நிச்சயமாக மாட்டேன்.

ரீபாண்டிங்கில் முதலில் போடும் மருந்து அம்மோனியம் தயோகிளைகோலேட். கடைக்குள் நுழைந்ததும் மூக்கில் ஏறுமே, அதுதான். முடிக்கு அதன் வடிவத்தைக் கொடுப்பது உள்ளே இருக்கும் கந்தகப் பிணைப்புகள், இந்த மருந்து அவற்றை உடைக்கும். பிறகு அலசி, காயவைத்து, சூடான இரும்பால் இழை இழையாக நேராக்கி, ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த இரண்டாவது மருந்தைப் போட்டால் பிணைப்புகள் அந்த நேர் நிலையிலேயே மறுபடி பூட்டிக்கொள்ளும். நம் ஊர் முடியும் சீன முடியும் ஓரளவு தாங்கும். உங்கள் பெண்ணின் முடி ஒவ்வொரு வளைவிலும் மெலிந்திருக்கும், உடைவதும் அங்கேதான். அப்புறம் வேரிலிருந்து புதிதாக வளர்வது சுருளாகத்தான் வரும். மேலே சுருள், கீழே நேர், இரண்டும் சேரும் இடத்தில் பட்டென்று ஒடியும். அதை மறைக்க மறுபடி ரீபாண்டிங், மறுபடி செலவு. நிறுத்தவே முடியாது.

ஆப்பிரிக்க முடிக்கென்றே விற்கிற ரிலாக்ஸர் வேறு மருந்து. பலவற்றில் இருப்பது சோடியம் ஹைட்ராக்சைடு, அடைத்த குழாயைத் திறக்க ஊற்றுவோமே அதே காரம். கொஞ்சம் கூடுதல் நேரம் விட்டால் மண்டைத் தோல் புண்ணாகும். ரிலாக்ஸர் போட்ட முடியில் ரீபாண்டிங் மருந்தைப் போட்டால் கையோடு கொத்தாக வந்துவிடும், இது தெரியாமல் செய்கிற கடைகளும் உண்டு. "கெரட்டின்" என்று சொல்லிச் செய்யும் சிலவற்றில் சூடு பட்டால் ஃபார்மால்டிஹைடு வெளிவரும், அது புற்றுநோயை உண்டாக்கும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு எப்போதோ பட்டியலில் சேர்த்துவிட்டது.

உங்கள் அம்மா கேட்டால் இதையும் சொல்லுங்கள். 2022ல் அமெரிக்க தேசியச் சுகாதாரக் கழகம் ஓர் ஆய்வு வெளியிட்டது, 33,497 பெண்களைப் பல வருடம் தொடர்ந்து பார்த்தது. முடியை நேராக்கும் மருந்து தொடாதவர்களில் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வருவது 1.64 சதவீதம், வருடத்துக்கு நான்கு தடவைக்கு மேல் போட்டுக்கொண்டவர்களில் 4.05 சதவீதம் என்று கணக்கு. மருந்துதான் காரணம் என்று அது நிரூபித்துவிடவில்லை, தொடர்பைக் காட்டுகிறது, அவ்வளவுதான். ஆனால் தன் முடி பிடிக்கிறதா இல்லையா என்று முடிவு செய்யும் வயசு வராத பிள்ளைக்கு நாம் ஏன் அதைத் தொடங்கிவைக்க வேண்டும்?

ஜோபர்க் ரிட்டர்ன்:

தென்னாப்பிரிக்காவில் ஜோகனஸ்பர்க்கில் வேலை பார்த்துவிட்டு வந்தவள். பக்கத்து வீட்டு அம்மா தன் பெண்களுக்கு ஞாயிற்றுக்கிழமை தலை அலசுவதைப் பார்த்துப் பார்த்தே கற்றுக்கொண்டேன், என் முடிக்கும் அதுதான் உதவியது.

முதல் வேலை, காய்ந்த முடியில் சீப்பு வைப்பதை இன்றே நிறுத்துங்கள். நேர்முடியில் மண்டையில் சுரக்கும் எண்ணெய் வேரிலிருந்து நுனிவரை தானாக வழுக்கி இறங்கும். சுருளில் அது வளைவு வளைவாக ஏறி இறங்க வேண்டும், நுனிக்குப் போய்ச் சேர்வதே இல்லை, அதனால் நுனி எப்போதும் வறண்டிருக்கும். வறண்ட முடியை இழுத்தால் உடையும். "அவளுக்கு முடி வளரவே மாட்டேன் என்கிறது" என்று சொல்வார்கள். வளர்கிறது, சீப்பில் உடைந்து போய்விடுகிறது.

வாரம் ஒரு தடவை அலசினால் போதும். தலையை நான்கு பாகமாகப் பிரித்து கிளிப் போட்டுக்கொள்ளுங்கள். ஒரு பாகத்தை நன்றாக நனைத்து, கண்டிஷனரைத் தாராளமாகப் போட்டு, விரலால் முதலில் சிக்கை எடுங்கள், அப்புறம் அகலப் பல் சீப்பு. நுனியில் தொடங்கி ஒரு விரற்கடை ஒரு விரற்கடையாக மேலே ஏற வேண்டும், உச்சியிலிருந்து இழுக்கவே கூடாது. சீப்புக்கு மேலே முடியை இடது கையால் பிடித்துக்கொண்டால் இழுப்பு மண்டைக்குப் போகாது, பிள்ளை அழ மாட்டாள். முடித்த பாகத்தை உடனே முறுக்கி ஒதுக்கிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். கடைசியில் ஈரம் இருக்கும்போதே கிரீம், அதன்மேல் கொஞ்சம் எண்ணெய். எண்ணெய் ஈரத்தைக் கொடுக்காது, இருக்கிற ஈரத்தைப் பிடித்துவைக்கும், அதனால்தான் காய்ந்த தலையில் எவ்வளவு ஊற்றினாலும் பயனில்லை. கிளிசரின் அதிகம் உள்ள கிரீம் நம் ஊர்ப் புழுக்கத்தில் காற்றின் ஈரத்தை உறிஞ்சி முடியை உப்பவைத்துவிடும், பாட்டிலில் பெயர் எந்த இடத்தில் வருகிறது என்று பார்த்து வாங்குங்கள்.

தேங்காய் எண்ணெயை ஒதுக்க வேண்டாம். அது முடிக்குள்ளேயே ஊடுருவி, அலசும்போது புரதம் போவதைக் குறைக்கும். அலசுவதற்கு முந்தின இரவு தடவுவது நல்லது. அந்தப் பொறுப்பை அம்மாவிடமே கொடுங்கள், சனிக்கிழமை பேத்திக்கு எண்ணெய் வைப்பது பாட்டி வேலை என்று ஆகிவிட்டால் சண்டை பாதி குறையும். இரவில் பருத்தித் தலையணை ஈரத்தை உறிஞ்சிவிடும், அரபு ஸ்திரீட் துணிக்கடைகளில் சாட்டின் வாங்கித் தலையணை உறை தைத்துவிடுங்கள்.

பின்னல் போடலாம், தளர்வாக. நெற்றி ஓரத்தில் சின்னச் சின்னப் பொரி மாதிரி எழும்பினால், பின்னல் தொட்டாலே வலித்தால், அது இறுக்கம். அப்படியே வருடக்கணக்கில் இழுத்தால் ஓரத்து முடி நிரந்தரமாகவே போய்விடும்.

"நீட்" விஷயத்துக்கு வருகிறேன். நான் இருந்த நாட்டில் முடியை வைத்து மனிதனைத் தரம் பிரித்திருக்கிறார்கள். நிறவெறி ஆட்சி 1950ல் மக்கள்தொகைப் பதிவுச் சட்டம் கொண்டுவந்தது, ஒருவரை எந்த இனத்தில் சேர்ப்பது என்று சந்தேகம் வந்தால் தலைமுடியில் பென்சிலைச் செருகிப் பார்ப்பார்கள். விழுந்தால் ஒரு இனம், நின்றால் வேறொரு இனம். ஒரே வீட்டுக்குள் அண்ணன் ஒரு பட்டியலிலும் தங்கை இன்னொன்றிலும் போன கதையெல்லாம் நடந்தது. அந்த ஆட்சி போய் 20 வருடத்துக்கு மேல் ஆன பிறகும், 2016 ஆகஸ்டில் பிரிட்டோரியாவில் ஒரு பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் கறுப்பின மாணவிகள் தங்கள் முடியை நேராக்கச் சொல்கிறார்கள் என்று போராட்டத்தில் இறங்கினார்கள். சுலைகா பட்டேல் என்ற 13 வயது மாணவி தன் ஆஃப்ரோ முடியோடு, இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குறுக்காகத் தூக்கி, காவலாளிகளுக்கு முன்னால் நின்ற படம் உலகம் முழுக்கப் போனது. மாகாண அரசு அந்தப் பள்ளியின் முடி விதியை நிறுத்திவைத்தது. மூன்று வருடம் கழித்து அதே நாட்டின் சோசிபினி துன்சி குட்டையான இயற்கை முடியோடு மிஸ் யூனிவர்ஸ் ஆனார். உங்கள் பெண்ணுக்கு அந்தப் படத்தைக் காட்டுங்கள்.

பழைய கம்பத்தான்:

தங்கச்சி, எல்லோரும் நல்லதுதான் சொல்கிறார்கள், ஆனால் தென்னாப்பிரிக்காவையும் அமெரிக்காவையும் இங்கே கொண்டுவராதீர்கள். 1970களில் இந்த ஊரில் ஆண்கள் முடி வளர்த்தாலே தொல்லை. அரசாங்க அலுவலகங்களில் நீள முடி வைத்த ஆண்களைக் கடைசியாகத்தான் கவனிப்போம் என்று படம் போட்டு ஒட்டியிருப்பார்கள், காதை மறைத்தால் நீளம், சட்டைக் காலருக்குக் கீழே இறங்கினால் நீளம். 1972ல் லெட் செப்பலின் என்ற பிரிட்டிஷ் இசைக்குழுவின் கச்சேரியே முடியால் நடக்காமல் போனது. சீனன், மலாய்க்காரன், தமிழன் என்று பார்க்கவில்லை, எல்லோருக்கும் ஒரே விதி. பிறகு ராணுவப் பயிற்சிக்குப் போனால் தேக்கோங் தீவில் எல்லோருக்கும் ஒரே மொட்டை. யாரும் அதை இனப் பிரச்சினை ஆக்கவில்லை. ஆசிரியர் நீட்டாகக் கட்டு என்றால் கட்டிவிட்டுப் போவோமே.

சுருட்டைக்காரி:

அண்ணே, மொட்டை எல்லோருக்கும் ஒரே மாதிரி, சரி. "நீட்" எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லையே. நேர்முடி கட்டினால் கீழே விழும், இந்தக் குழந்தையின் முடி கட்டினாலும் மேலே எழும்பும். கீழே விழுவதற்குத்தான் நாம் நீட் என்று பெயர் வைத்திருக்கிறோம். அவள் அம்மா இரண்டு பக்கமும் கட்டித்தானே அனுப்பியிருக்கிறார், கண்ணில் விழவில்லை, தோளில் தொங்கவில்லை, அப்புறம் என்ன?

இதே வாதம் அமெரிக்க நீதிமன்றத்திலும் நடந்தது. 2010ல் அலபாமாவில் சாஸ்டிட்டி ஜோன்ஸ் என்ற பெண்ணுக்கு வேலை தருவதாகச் சொல்லிவிட்டு, சடைமுடியை (ட்ரெட்லாக்ஸ்) வெட்டாவிட்டால் இல்லை என்றார்கள். வழக்கு 2016ல் தோற்றது. முடியை மாற்றிக்கொள்ளலாம், நிறத்தை மாற்ற முடியாது, அதனால் இது இனப் பாகுபாடு ஆகாது என்பது தீர்ப்பின் சாரம். அந்த ஓட்டையை அடைக்கத்தான் 2019ல் கலிபோர்னியா, முடியின் வடிவத்தை வைத்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்கிற கிரவுன் சட்டத்தைக் கொண்டுவந்தது, இன்று 20க்கும் மேற்பட்ட மாநிலங்களில் இருக்கிறது. நீங்கள் ராணுவத்தைச் சொன்னீர்கள், அமெரிக்கத் தரைப்படையே 2017ல் பெண் சிப்பாய்களுக்குச் சடைமுடியை அனுமதித்துவிட்டது. அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்லவில்லை. சட்டம் வந்த பிறகும் டெக்சாஸில் டாரில் ஜார்ஜ் என்ற மாணவனை முடி நீளம் என்று மாதக்கணக்கில் வகுப்புக்கு வெளியே வைத்தார்கள், 2024ல் நீதிபதி பள்ளியின் பக்கம்தான் சொன்னார், சட்டத்தில் வடிவம் இருக்கிறது நீளம் இல்லை என்று.

ஆனால் அண்ணன் சொன்னதில் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன், அவர்கள் பட்டதும் நாம் படுவதும் ஒன்றில்லை. 1786ல் லூசியானாவில் கறுப்பினப் பெண்கள் முடியைத் துணியால் மறைக்க வேண்டும் என்று ஆளுநர் உத்தரவே போட்டார். நமக்கு உத்தரவு போட யாருமில்லை, அத்தையும் சித்தியும் போதும். இங்கே அழகு என்றால் வெள்ளைக்காரி மட்டுமா? எனக்கு முடி நேராக்கச் சொன்னவர்கள் எல்லாம் கொரிய நடிகைகளைத்தான் காட்டினார்கள், ரீபாண்டிங் பரவியதும் ஜப்பானிலிருந்துதான். தமிழ்ப் படத்தில் பரட்டை என்றால் வில்லனோ பைத்தியமோ, அதையும் ஐரோப்பா தலையில் கட்ட முடியாது. அதனால் "எல்லாம் வெள்ளைக்காரன் செய்த வேலை" என்று உங்கள் அம்மாவிடம் ஆரம்பித்தால் எடுபடாது. "கோரை முடி குடியைக் கெடுக்கும், சுருட்டை முடி சோறு போடும்" என்று அவருடைய அம்மா சொல்லியிருப்பார், அதைக் கேளுங்கள். பழமொழியை எடுத்து அடித்தால் பாட்டிகளுக்குப் பதில் இருக்காது.

இன்னொன்று, கொஞ்சம் விலகிப் போகிறேன். திருப்பதியிலும் பழனியிலும் நாம் மொட்டை போட்டுக் காணிக்கை கொடுக்கிறோமே, அந்த முடி ஏலம் போய், சிக்கெடுத்து, தரம் பிரித்து, "இந்திய முடி" என்று கப்பலேறுகிறது. வாங்குபவர்களில் கறுப்பினப் பெண்கள் நிறைய, தன் முடியை மறைத்து அதன்மேல் தைத்துக்கொள்ள. நம் பாட்டி சாமிக்குக் கொடுத்ததை அங்கே "நல்ல முடி" என்று விலை கொடுத்து வாங்குகிறார்கள், இங்கே பேத்தி தலையில் இருப்பதை நாம் பரட்டை என்கிறோம். இதில் யாரைத் திட்டுவது என்றே எனக்குத் தெரியவில்லை. கானாப் பள்ளிகளில் கிராப் என்று உங்கள் கணவர் சொன்னதும் இதே சிக்கல்தான், காலனிக் காலத்துப் பழக்கம் என்று அங்கேயே பலர் எதிர்க்கிறார்கள். 2021ல் அக்ராவில் பெயர்பெற்ற அச்சிமோட்டா பள்ளி மத வழக்கமாகச் சடைமுடி வைத்த இரண்டு ரஸ்தாஃபாரி மாணவர்களைச் சேர்க்க மறுத்து, நீதிமன்றம் அவர்களைச் சேர்க்கச் சொன்னது. அவரிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்.

செம்பவாங் அம்மா:

எல்லோருக்கும் நன்றி. ஜோபர்க் அக்கா சொன்ன மாதிரி நான்கு பாகமாகப் பிரித்துச் செய்தேன். நேரம் நிறையப் பிடித்தது, தரையெல்லாம் கண்டிஷனர், ஆனால் அழவில்லை, நடுவில் தூங்கியே போனாள். அம்மா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசாமல் பார்த்தார். பழமொழியைக் கேட்டதற்கு "அது ஆம்பளைப் பிள்ளைக்குச் சொன்னது" என்று சமாளித்தார். ரீபாண்டிங் பேச்சு நின்றபாடில்லை, "பெரியவள் ஆனதும் பார்க்கலாம்" என்று தள்ளிப்போயிருக்கிறது, அவ்வளவுதான்.

இன்னொரு கவலை. அடுத்த வருடம் தொடக்கநிலை மூன்று, நீச்சல் வகுப்பு வரும் என்கிறார்கள். குளோரின் தண்ணீர், சாதாரணத் தொப்பிக்குள் இந்த முடி அடங்காது. என்ன செய்வது?

ஜோபர்க் ரிட்டர்ன்:

தண்ணீரில் இறங்குமுன் சாதாரணத் தண்ணீரால் முடியை நன்றாக நனைத்துக் கண்டிஷனர் பூசிவிடுங்கள். ஏற்கெனவே ஈரமான முடி குளோரினைக் குறைவாகத்தான் இழுக்கும். தட்டையாக நாலைந்து பின்னல் போட்டு அதன்மேல் பெரிய தொப்பி. ஆஃப்ரோ முடிக்கென்றே சோல் கேப் என்று ஒன்று இருக்கிறது, இணையத்தில் கிடைக்கும். 2021 டோக்கியோ ஒலிம்பிக்கில் அதை அணியக் கூடாது, தலையின் இயற்கை வடிவத்துக்குப் பொருந்தவில்லை என்று உலக நீச்சல் சம்மேளனம் மறுத்து, திட்டு வாங்கி, 2022ல் அனுமதித்தது. யாருடைய தலையின் இயற்கை வடிவம் என்று கேட்கத் தோன்றுகிறது, விடுங்கள். வெளியே வந்ததும் உடனே அலசிவிடுங்கள்.

கத்தரிக்கோல்:

தொப்பி பெரிசாக வாங்குங்கள், ஆனால் நெற்றிப் பட்டை இறுக்கமா என்று போட்டுப் பாருங்கள். ஓரத்து முடி அங்கேயும் போகும்.

பழைய கம்பத்தான்:

சுருட்டைக்காரி தங்கச்சி வக்கீலுக்குப் படித்திருக்கலாம். அமெரிக்கச் சட்டம் இங்கே செல்லாது என்பதில் நான் மாறவில்லை. 2025 ஜனவரியில் நம் நாடாளுமன்றத்தில் நிறைவேறிய வேலையிட நியாயச் சட்டத்தில் இனம் இருக்கிறது, முடி என்று ஒரு வார்த்தை இல்லை, அதுவும் வேலைக்குத்தான், பள்ளிக்கு இல்லை.

ஆனால் நான் பள்ளி அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன், ஒரு வழி சொல்கிறேன். கையேட்டில் பதில் எழுதாதீர்கள், அதில் எழுதினால் சண்டை மாதிரி ஆகும். வகுப்பாசிரியருக்கு மின்னஞ்சல் போடுங்கள், ஒழுங்குமுறை ஆசிரியருக்கும் ஒரு நகல். குழந்தையின் அப்பா கானாக்காரர், அவள் முடியின் அமைப்பு இது, காய்ந்த முடியை இழுத்துக் கட்டினால் உடைகிறது என்று மூன்று நான்கு வரி போதும். அதோடு இரண்டு பக்க உருண்டை, தளர்ந்த பின்னல், பின்னல் போட்டு ஒன்றாகக் கட்டியது என்று மூன்று படம் எடுத்து வைத்து, இவற்றில் எதையும் அனுமதிப்பீர்களா என்று கேளுங்கள். கறுப்பு ரப்பர் பேண்டாக இருக்கட்டும். "நீட்டாக" என்று எழுதுவது சுலபம், படத்தைப் பார்த்த பிறகு எது நீட் இல்லை என்று எழுத்தில் கொடுக்க யாரும் அவ்வளவு சீக்கிரம் முன்வர மாட்டார்கள். மேகி மீ பையன் விஷயத்தை அதே மின்னஞ்சலில் கலக்காதீர்கள். அது தனி, அதற்குப் பள்ளி ஆலோசகர் இருக்கிறார், நேரில் போய்ப் பேசுங்கள். கேட்காமல் தொடுவதையும் அவரிடமே சொல்லுங்கள்.